நூம்பல் கிணறும் ஒரு பேய்ப்படமும்

1

எங்கள் ஊரில் தமிழ்ப் படம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரே ஒரு காட்சிதான். ஜெர்மனியின் தெற்கில், மோட்டார்க் கம்பெனிகளை நம்பிப் பிழைக்கிற நடுத்தர ஊர். உள்ளூர்க்காரர்கள் அந்த நேரத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு காட்டுப் பாதையில் நடக்கப் போயிருப்பார்கள். காலியாகக் கிடக்கும் திரையரங்கை நம் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். சமோசா யாராவது ஒருவர் வீட்டிலிருந்து வரும்.

அப்படித்தான் அந்தப் பேய்ப்படத்துக்கும் போனோம். என் மகள் தாராவுக்குப் பதினாறு வயது. தமிழ்ப் படத்துக்கு அவள் வருவதே அபூர்வம். இந்தப் படத்தின் துண்டுக் காட்சிகள் அவள் கைபேசி வரைக்கும் வந்துவிட்டதால் கிளம்பி வந்தாள்.

கதை தொண்ணூறுகளில் நடக்கிறது. சென்னைக்கு மேற்கே ஏதோ ஒரு புறநகர், பெயர் சொல்லவில்லை. டியூஷன் படிக்கும் நான்கு பிள்ளைகள். காதல் தோல்வியில் கிணற்றில் குதித்துச் செத்த ஒரு பள்ளிக்கூடப் பெண், அந்தி நேரத்தில் சைக்கிளில் போகிறவர்களை நிறுத்தித் தன்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறாள். ஏற்றிக்கொண்டவர்கள் மறுநாள் கிணற்றில் மிதக்கிறார்கள்.

முதல் அரை மணி நேரம் அரங்கில் ஒரே கொண்டாட்டம். நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டு லேபிள் ஒட்டும்போது கைதட்டல். எஸ்.டி.டி. பூத்தில் சிவப்பு எண்கள் ஓடும்போது விசில். சைக்கிள் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டு ஒருத்தன் மிதிக்கிறான், விளக்கு மினுக்கி மினுக்கி எரிகிறது, அதற்கும் விசில். தட்டியவர்களில் பாதிப் பேர் அந்தக் காலத்தில் பிறக்கவே இல்லை. அந்தச் சாமான்களோடு வளர்ந்தவர்கள் நானும் என் கணவரும் இன்னும் நாலைந்து பேரும்தான். நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

பிறகு பேய் வந்தது. இரட்டைப் பின்னல், தாவணி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கரகரத்த குரலில் கேட்டது: "சைக்கிள்ல ஏத்திக்கினு போறியா?"

அரங்கம் வீறிட்டது. அடுத்த நொடியே தங்கள் பயத்தைப் பார்த்துத் தாங்களே சிரித்தார்கள். இரண்டாவது தரம் பேய் வந்தபோது எல்லோரும் அதோடு சேர்ந்து அந்த வாக்கியத்தைச் சொன்னார்கள். தாராவும் சொன்னாள், உடைந்த தமிழில்.

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். கடைசி எழுத்தை இழுக்கிற விதம்கூடத் தெரியும். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், சென்னைக்கு மேற்கே நூம்பலில் ஒரு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அதை முதன்முதலில் சொன்னவள் நான்.

எழுந்து வெளியே போய்விட்டேன். படம் முடியும்வரை பாப்கார்ன் விற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

காரில் திரும்பும்போது தாரா ஏன் போனாய் என்று கேட்டாள். அவள் என்னிடம் ஜெர்மன் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். முக்கியமான விஷயமென்றால் அவளுக்குப் புரிய வேண்டுமே என்று நானும் ஜெர்மனுக்கு மாறுவேன். அங்கேதான் சறுக்குவேன். பள்ளித் தோழி ஒருத்தி ஞாபகம் வந்துவிட்டாள், அவள் இல்லாதது கஷ்டமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். இந்த மொழியில் ஒருவருக்காக ஏங்குவதற்கும் ஒருவர் காணாமல் போவதற்கும் ஒரே சொல்தான், வாக்கியத்தை அமைப்பதில்தான் வித்தியாசம். நான் சொன்னது, 'என் தோழி ஒருத்தி காணாமல் போய்விட்டாள்' என்று வந்து விழுந்தது.

தாரா கைபேசியைக் கீழே வைத்தாள். தேடினார்களா, கிடைத்தாளா என்று கேட்டாள்.

"மறுநாள் காலைல கிடைச்சா" என்று தமிழில் சொன்னேன்.

என் கணவர் ஒருதரம் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்தார். அவருக்கும் நான் அதுவரை எதுவும் சொன்னதில்லை.

2

அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பத்தாவது வரை குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். நூம்பலில் வயலைப் பிரித்து மனை போட்டபோது அப்பா ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டினார். அந்த நிலத்தில் ஒரு பங்கு அந்தத் தோழி அம்சாவின் அப்பா விற்றது. மிச்சம் வைத்திருந்ததில் அவர்கள் கீரை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்சவேணியும் நானும் பூந்தமல்லியில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. பதினொன்றாவது. அவளுக்கு இருட்டு என்றால் பயம். தைரியசாலி மாதிரி பேசுவாள், ஆனால் புளியமரத்தைத் தாண்டும்போது பாட ஆரம்பித்துவிடுவாள். நான் குவார்ட்டர்ஸ் தெருவிளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தவள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அன்றைக்கு டியூஷன் விட்டு இருவரும் சைக்கிளில் வந்தோம். வேலப்பன்சாவடியில் தன் தம்பிக்குப் பன் வாங்க அவள் நின்றாள். நான் முந்திப் போனேன். வயல் நடுவே மண் பாதை, பாதையோரம் மோட்டார் கொட்டகை, அதை ஒட்டிக் கிணறு. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, உள்ளே இறங்கக் கல் படி வைத்தது. சைக்கிளை வரப்பில் மறைத்துவிட்டு, தாவணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் நின்றேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பாடிக்கொண்டே வருவது கேட்டது. பக்கத்தில் வந்ததும், குரலை மாற்றி, அவர்கள் வீட்டில் பேசுவது மாதிரியே கேட்டேன்: "சைக்கிள்ல ஏத்திக்கினு போறியா?"

சைக்கிள் விழுந்தது. அவள் கத்தினாள். நான் தாவணி நுனியைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். வெளியே வந்து பார்த்தபோது சைக்கிள் மட்டும் கிடந்தது, மோட்டார் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. குறுக்கே வயலில் இறங்கி வீட்டுக்கு ஓடிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் சைக்கிளை நிமிர்த்திக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிடும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் அப்பா டார்ச் லைட்டோடு வந்து கேட்டார். டியூஷன் விட்டதும் தனித்தனியாக வந்துவிட்டோம், எனக்குத் தெரியாது என்றேன். விளையாட்டு தெரிந்துபோனால் திட்டுவார்களே என்று சொன்ன பொய்தான். அந்த நேரத்தில் அவள் எங்கே இருப்பாள் என்று எனக்கு நிஜமாகவே தோன்றவில்லை.

விடிந்ததும் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். தலையில் அடி. படியில் மோதியிருக்கிறது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். போலீஸ், கேஸ், தன் வேலை, என் படிப்பு என்று நெடுநேரம் பேசினார். கடைசியாகச் சொன்னதுதான் சொல் மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "நீ சொன்னா அந்தப் பிள்ளை திரும்பி வருமா? சொல்லாம இருந்தா என் பிள்ளையாவது எனக்கு மிஞ்சும்."

ஊர் தானே ஒரு முடிவுக்கு வந்தது. சின்ன வயதிலிருந்து குளித்த கிணறு, நீச்சல் தெரிந்த பெண், தவறி விழ வழியில்லை. அப்படியென்றால் குதித்திருக்க வேண்டும். பதினாறு வயதுப் பெண் குதித்தால் அதற்கு ஒரு பையன்தான் காரணமாக இருக்க வேண்டும். யார் அந்தப் பையன் என்று ஆறு மாதம் பேசினார்கள்.

பள்ளிக்கூடத்தில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, கடைசியாக அவளோடு நீதானே வந்தாய் என்று கேட்டார்கள். அந்தக் கொட்டகைப் பக்கம் நேற்று நான் ஒரு குரல் கேட்டேன், ஈரத் தலையோடு யாரோ நின்று சைக்கிளில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒருத்திகூட என்னைக் கேள்வி கேட்கவில்லை. பேயைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள். ஒரு மாதத்துக்குள் பூந்தமல்லி முழுக்க அந்தக் கதை ஓடியது. அடுத்த வருஷமே அப்பா வீட்டை விற்றுவிட்டு அம்பத்தூருக்குக் குடிபோனார்.

அந்தக் கதை எந்த வழியாகச் சுற்றிச் சினிமாக்காரர்கள் காதுக்குப் போனதோ தெரியாது. குதித்தாள் என்கிற ஊர்ப் பேச்சும் நான் சொன்ன பொய்யும் அதில் ஒன்றாகியிருந்தன.

3

அப்பா போன வருஷம் இறந்தபோது என்னால் போக முடியவில்லை. பாஸ்போர்ட் மாற்றியதால் குடியிருப்பு அட்டையையும் மாற்றக் கொடுத்திருந்தேன். புது அட்டை வரும்வரை கையில் ஒரு மடித்த தாள் தருவார்கள். அதன் பெயரை நேராகத் தமிழாக்கினால் 'புனைவுச் சான்றிதழ்' என்று வரும். அதை வைத்துக்கொண்டு போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று அலுவலகத்தில் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. நேரில் பேச ஆறு வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். பதினாறு வருஷமாக இங்கே வரி கட்டுகிறேன், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன், இந்த ஊர்க்காரர்களின் அப்பா அம்மாக்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன் என்றெல்லாம் அலுவலகத்தில் இருந்த அதிகாரி அம்மாவிடம் சொல்லத் தோன்றியது. வார்த்தை கோக்க வரவில்லை. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போவதைக் கைபேசியில் பார்த்தேன். பாதியில் இணைப்பு அறுந்துவிட்டது.

இந்த வருஷம் தலைத் திவசத்துக்குப் போக அட்டை கையில் இருந்தது. தாராவைக் கூப்பிட்டேன். பள்ளியில் பரீட்சை என்றாள். அவளுக்கு அம்பத்தூர் என்றால் கொசுவும், தன் தமிழைக் கேட்டுச் சிரிக்கிற சொந்தக்காரர்களும்தான். நான் வற்புறுத்தவில்லை.

படம் பார்த்த பத்தாவது நாள் தனியாகக் கிளம்பினேன். விமானத்தில் எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. வாயைத் திறக்காதே என்று சொன்னவர் இப்போது இல்லை. இனி நான் பேசாமல் இருந்தால் அது என் சொந்த முடிவு.

4

அம்பத்தூரில் தம்பி முரளி வீட்டில் திவசம் முடிந்தது. அய்யர் இலையை எடுத்துக்கொண்டு போன கையோடு முரளியின் மகள் மொட்டை மாடியில் தலையை நனைத்துக்கொண்டு வீடியோ எடுக்கப் போனாள். அவள் வகுப்புப் பெண்கள் எல்லோரும் எடுத்தாகிவிட்டதாம். இரட்டைப் பின்னல், ரிப்பன், அவள் அம்மாவின் பழைய தாவணி. அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கழுத்தைச் சாய்க்க வேண்டும். சரியாகச் சாய்ந்ததா என்று என்னிடமே காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்வது.

மறுநாள் ஆட்டோ பிடித்து நூம்பலுக்குப் போனேன். கிணறு இருந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டடம். பழைய தெரு மட்டும் குறுகிப்போய் அப்படியே இருந்தது. அம்சாவின் வீடு இப்போது மாடி வைத்த வீடு. அவள் அப்பா செத்து எட்டு வருஷம் ஆகிறதென்று தெருமுனைக் கடையிலேயே சொல்லிவிட்டார்கள். அவள் தம்பி ஏழுமலைக்குத் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை, பகல் ஷிப்டுக்குப் போயிருந்தான். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் அவள் அம்மா கன்னியம்மா.

பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆவடி ஃபேக்டரிக்காரு பொண்ணா" என்று எழுந்து வந்து என் முகத்தைத் தடவினார். என் காதோர நரையைத் தொட்டுப் பார்த்து, அம்சா இருந்தால் அவளுக்கும் இப்படித்தான் நரைத்திருக்கும் என்றார்.

என்னால் ஆரம்பிக்க முடியவில்லை. டீ கொடுத்தார், குடித்தேன். ஜெர்மனியில் குளிரா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அப்புறம் அவரே பேச்சை அந்தப் பக்கம் திருப்பினார்.

"எம் பொண்ண படத்துல காட்றாங்களாமே. ஏழுமலைய கேட்டா வாணாங்கிறான். நீ என்னை இட்டுகினு போறியா?"

எதற்கு அத்தை, அது பேய்ப்படம், அதில் வருவது யாரோ நடிக்கிற பெண் என்றேன்.

அம்சாவின் புத்தகம், துணி, ஒரே ஒரு புகைப்படம் எல்லாவற்றையும் அவள் அப்பா அந்த வாரமே கொளுத்திவிட்டாராம். குடும்ப மானத்தை வாங்கியவளுக்குப் படம் எதற்கு என்றாராம். கன்னியம்மா இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார்.

"அவ மொகம் எனக்கு மறந்துகினே வருது, கலா. படத்துல கொஞ்சமாச்சும் அவ ஜாடை இருக்குமான்னு பாக்கணும்."

5

பூந்தமல்லிப் பக்கம் ஒரு திரையரங்கில் மதியக் காட்சி. வார நாள், ஆனாலும் கல்லூரிப் பிள்ளைகளால் நிரம்பியிருந்தது. வாசலில் பேயின் ஆளுயரப் படம் வைத்திருந்தார்கள். அதன் தோளில் கை போட்டுப் படம் எடுக்க வரிசை நின்றது. கன்னியம்மா அந்தப் படத்தின் முன் நின்று அண்ணாந்து பார்த்தார். பின்னாலிருந்த பெண், கொஞ்சம் தள்ளுங்க ஆயா என்று மரியாதையாகத்தான் சொன்னாள்.

உள்ளே பிள்ளைகள் தயாராக வந்திருந்தார்கள். பேய் வருகிற நேரம் அவர்களுக்கு மனப்பாடம். பின்வரிசையில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு, பேய் திரும்பிய நொடியில் முன்வரிசைக்காரர்கள் மேல் தெளித்தார்கள். அரங்கம் முழுக்க அலறல், சிரிப்பு. எங்கள் மேலும் தெறித்தது. கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. அந்த நடிகைக்கும் அம்சாவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆனாலும் இவர் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு தேடினார்.

"சைக்கிள்ல ஏத்திக்கினு போறியா?" என்று முந்நூறு பேர் ஒரே குரலில் கேட்டார்கள்.

கன்னியம்மா என் காதருகே குனிந்தார். "இன்னாத்துக்கு அல்லாரும் கத்துறாங்கோ? அந்தப் பொண்ணு சொட்டச் சொட்ட நனஞ்சிகினு நிக்குது. யாராச்சும் ஒரு துணி குட்தா இன்னா?"

இடைவேளைக்குப் பிறகு பழைய கதை வருகிறது. காதலித்தவன் ஏமாற்றிவிட, அந்தப் பெண் கிணற்றைப் பார்த்து நடக்கிறாள். சோகப் பாட்டு. சற்று முன் தண்ணீர் தெளித்தவர்கள் இப்போது கைபேசி விளக்கைப் போட்டு ஆட்டினார்கள். என் முன்னால் இருந்த பெண் அழுதாள். பேய்க்கும் மனசு உண்டென்று அங்கே எல்லோருக்கும் பாவமாக இருந்தது. திரையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, கையை விரித்து, தானாகவே குதித்தாள்.

கன்னியம்மா எழுந்துவிட்டார். போலாம் என்றார்.

6

வண்டி நிறுத்துகிற கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு மேடை இருந்தது. அதில் உட்கார்ந்தார். ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டேன். கேட்டுவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் சொன்னேன்:

"அத்தை, அம்சா குதிக்கல."

எல்லாவற்றையும் சொன்னேன். டியூஷன், பன், கொட்டகை, தாவணி, குரல். அவர் முதலிலிருந்து சொல் என்றார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தரமும் சொல்லச் சொன்னார். மூன்றாவது தரம் சொல்லும்போது என் குரல் தட்டையாகிவிட்டது, யாருடைய கதையையோ சொல்வது போல.

பிறகு அவர் சொன்னார். அன்றைக்குக் காலையில் அம்சா தண்ணீர் பிடித்து வைக்காமல் பள்ளிக்குக் கிளம்பினாளாம். இவருக்குக் கோபம். "எங்கனா போயி உயுந்து சாவுடின்னு சொன்னேன். உயுந்து சாவுன்னு. அதே மாரி பண்ணிகினாளேன்னு இத்தினி வருசம்."

அவர் கணவர் சாகும்வரை அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லித்தான் அடிப்பாராம். அவள் குதிக்கவில்லையென்று அந்த மனுஷனுக்குத் தெரியாமலே போய்விட்டதே என்றார். அதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

நான் காலில் விழப் போனேன். காலை இழுத்துக்கொண்டார். வீட்டுக்கு வா, ஏழுமலையிடம் சொல் என்றார்.

ஏழுமலை ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். அம்சா போனபோது எட்டு வயது. இப்போது அவன் தலையும் நரைக்கத் தொடங்கியிருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை பெல்ட்டைக் கழற்றாமல் நின்றபடியே கேட்டான். அவன் கேட்டது ஒன்றுதான். அந்த வயதில் அப்பா தடுத்தார், சரி. ஜெர்மனிக்குப் போய்ப் பதினாறு வருஷம், அங்கே ஃபோன் இல்லையா அக்கா என்றான்.

கன்னியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "ஓடும்போது யாரயாச்சும் கூப்ட்டாளா?" என்று கேட்டார்.

இனி எதையும் மறைப்பதில்லை என்று ஆட்டோவில் வரும்போது முடிவு செய்திருந்தேன். ஆனாலும் அந்த ஒரு நிமிஷம், அம்மா என்று கூப்பிட்டாள் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு வரை வந்தது. அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"என் பேரைத்தான் கூப்பிட்டா. ரெண்டு தரம்."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னேன்."

அவர் தரையில் கையூன்றி மெதுவாக எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. ஏழுமலை என்னைப் பார்க்காமல், "கெளம்புங்கக்கா" என்றான். தெருமுனை வரைக்கும் கூடவே வந்து ஆட்டோவை நிறுத்திக் கொடுத்தான். என் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

7

திரும்பி வந்ததும் முதலில் கணவரிடம் சொன்னேன். பிறகு தாராவை உட்காரவைத்து முழுக்கத் தமிழிலேயே சொன்னேன், எங்கும் சறுக்கிவிடக் கூடாதென்று. புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டாள். முடிந்ததும் தன் அறைக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் சமையலறைக்கு வந்து கைபேசியை நீட்டினாள். இந்த அம்மாவா என்று கேட்டாள்.

அதே திரையரங்கின் வாசல். காட்சி விட்டுக் கூட்டம் வெளியே வருகிறது. நடுவில் கன்னியம்மா நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் பொண்ணு குதிக்கல. பயந்துகினு ஓடி உயுந்துட்ச்சி. கேட்டுகினு போங்க." ரிப்பன் கட்டிய ஒரு பெண் அவர் தோளில் கை போட்டுத் தன்னைப் படம் எடுத்துக்கொள்கிறாள். கன்னியம்மா அவளிடமும் திரும்பி அதையே சொல்கிறார். மேலே யாரோ எழுதியிருந்தார்கள்: பேயோட அம்மா வந்தாச்சு.

தாராவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். வேற லெவல் விளம்பரம் என்று ஒருவர். இந்தப் பாட்டிக்கு அடுத்த படத்தில் வேஷம் கொடுங்கள் என்று ஒருவர். சிரிக்கிற முகங்கள் வரிசை வரிசையாக இருந்தன, அவற்றை அவளுக்கு நான் வாசிக்க வேண்டியதில்லை.

பதில் எழுது என்றாள் தாரா. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, என் சொந்தப் பெயரில் எழுதினேன். இந்த அம்மா சொல்வது உண்மை. நான் அவர் மகளின் வகுப்புத் தோழி. ஒளிந்து நின்று பயமுறுத்தியது நான்தான். அம்சா குதிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் முதல் பதில் வந்தது. 'செம ப்ரமோ அக்கா, ரெண்டாம் பாகம் எப்போ?'

தாரா அதை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கைபேசியை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவிக்கொண்டே, அவள் கூப்பிட்டபோது நீ ஏன் பேசவில்லை என்று தமிழில் கேட்டாள். விளையாட்டு கலைஞ்சிடும்னு நினைச்சேன் என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஏழுமலை கூப்பிட்டான். படத்தைத் தூக்கிவிட்டார்கள் என்றான். அம்மா தினமும் மதியக் காட்சிக்கும் மாலைக் காட்சிக்கும் போய் நின்றிருக்கிறார். அவன் தடுத்துப் பார்த்திருக்கிறான், முடியவில்லை. படம் மாறிய பிறகும் ஒருநாள் போய்விட்டு, வேறு படத்துக்கு வந்தவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார். இப்போது தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறாராம். பழைய ஆட்கள் உட்காரவைத்துக் கேட்கிறார்கள். அடுக்குமாடிக்காரர்கள் வாட்ச்மேனைக் கூப்பிடுகிறார்கள்.

இந்த ஆடியில் அம்சாவுக்குப் படையல் போடப்போகிறோம் என்றான். இத்தனை வருஷமும் அப்பா போட விடவில்லை. பாவாடை தாவணி, வளையல், பன் எல்லாம் வைக்கச் சொல்லி அம்மா பட்டியல் போட்டிருக்கிறார். உங்களுக்குத் தகவல் சொல்லச் சொன்னார் என்றான்.

நான் வரட்டுமா என்று கேட்டேன்.

கொஞ்சம் இருங்கக்கா என்று ஃபோனைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்க உள்ளே போனான். பேச்சுக் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. திரும்பி வந்தான்.

"வாணாம்னு சொல்லுது."

சரி ஏழுமலை என்றேன். அவனும் சரி என்று வைத்துவிட்டான்.